அடுப்படியும் ஓர் அமானிதம் – ஜும்ஆ உரை

அல்ஹம்துலில்லாஹ். புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. அம்மா பஃது.



வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதுகிற ஸூரத்துல் கஹ்ஃபில் குகைவாசிகளின் வரலாறு வருகிறது. ஈமானைக் காப்பாற்றிக்கொள்ள ஊரை விட்டு ஓடிய இளைஞர்கள் அவர்கள். நீண்ட உறக்கத்திலிருந்து விழித்தபோது, எவ்வளவு நேரம் தூங்கினோம் என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. வெளியே தலை காட்டினால் கல்லால் அடித்துக் கொல்வார்கள் என்ற அச்சம், அதோடு வயிற்றில் பசி. அந்த நிலையில் ஒருவரிடம் வெள்ளிக் காசைக் கொடுத்து ஊருக்குள் அனுப்புகிறார்கள். அனுப்பும்போது அவர்கள் சொன்ன முதல் நிபந்தனை என்ன தெரியுமா? 18-வது அத்தியாயம் 19-வது வசனத்தைப் பாருங்கள். எந்த உணவு ‘அஸ்கா’, அதாவது மிகத் தூய்மையானது என்று பார்த்து வாங்கி வர வேண்டும். யாருக்கும் தெரியாமல் பக்குவமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதே அதற்குப் பிறகுதான் வருகிறது.

‘அஸ்கா’ என்பதற்கு ஹலாலானது என்று விரிவுரையாளர்கள் சிலர் பொருள் சொன்னார்கள். நல்லது, தரமானது என்று சிலர் சொன்னார்கள். எப்படி வைத்துக்கொண்டாலும், உயிருக்குப் பயந்து ஒளிந்திருந்தவர்கள்கூடக் கிடைத்ததைத் தின்போம் என்று சொல்லவில்லை. நாம் எந்த அவசரத்திலும் இல்லாதபோது கிடைத்ததை அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறோம்.

கறிக்கடையில் நாம் கேட்கும் கேள்வியை யோசித்துப் பாருங்கள். அறுத்தது யார்? பிஸ்மில்லாஹ் சொன்னாரா? வெளியூரில் ஓட்டலுக்குப் போனால் ஹலால் பலகை இருக்கிறதா என்று தேடுகிறோம். கேட்கவும் தேடவும்தான் வேண்டும், கடமை அது. ஆனால் அந்தக் கறி பையோடு நம் வீட்டுக்குள் வந்த பிறகு கேள்விகள் நின்றுவிடுகின்றன. அது எத்தனை மணி நேரம் வெளியே கிடந்தது, எந்தக் கத்தியால் வெட்டப்பட்டது, அந்தக் கத்தியால் அடுத்து என்ன நறுக்கப்பட்டது, இதையெல்லாம் நாம் மார்க்கத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயமாக ஆக்கிவிட்டோம். அல்லாஹ்வோ 2:168-ல் மனிதர்கள் அனைவரையும் அழைத்து, ஹலாலானதையும் தய்யிபானதையும் உண்ணும்படி ஏவுகிறான். இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்கிறான். நாம் முதல் சொல்லோடு நின்றுவிட்டோம்.

தூய்மைக்கும் ஈமானுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் ஹதீஸைப் பள்ளிவாசல்களில் ஒளூச் செய்யும் இடத்துக்கு மேலே எழுதி மாட்டியிருக்கிறோம். எந்த வீட்டு அடுப்படியிலும் அதை நான் பார்த்ததில்லை.

இது சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கெட்டுப்போன, கிருமி கலந்த உணவால் ஆண்டுக்குச் சுமார் 60 கோடி பேர் நோய்வாய்ப்படுகிறார்கள், 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் இறக்கிறார்கள். அதில் ஏறக்குறைய 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நமக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போவது, பால்குடி மாறாத பிள்ளைக்கு உயிர்ப் பிரச்சினை ஆகிவிடுகிறது. அந்தப் பிள்ளை அடுப்படியில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. நாம் ஊட்டியதைத் தின்றது. அதனால்தான் அடுப்படியை அமானிதம் என்கிறேன்.

இன்னும் சில நாட்களில் ரமலான். பெண்கள் இப்போதே வீட்டைக் கழுவி, பரணில் கிடக்கும் பாத்திரங்களை இறக்கித் துலக்கத் தொடங்கியிருப்பார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆனால் ரமலானில் நம் வீடுகளில் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஸஹருக்கான சோற்றை எப்போது ஆக்குகிறோம்? இரவு தராவீஹுக்குப் போவதற்கு முன்னால், எட்டு மணி வாக்கில். சோற்றையும் ஆணத்தையும் அடுப்பின் மேலேயே விட்டுவிடுகிறோம். ஸஹருக்கு எழுவது நாலு மணிக்கு. எட்டு மணி நேரம்! அதுவும் நம் ஊர் புழுக்கத்தில்.

இதில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அரிசியில் ஒரு வகைக் கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். பேசில்லஸ் சீரியஸ் என்று அதற்குப் பெயர். சோறு கொதிக்கும்போது அந்த வித்துகள் சாவதில்லை. சோறு ஆறி, இளஞ்சூட்டில் மணிக்கணக்கில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, சோற்றிலேயே நஞ்சைக் கக்குகின்றன. கக்கிய நஞ்சு, நீங்கள் நாலு மணிக்குச் சூடு பண்ணினாலும் போகாது. கிருமி செத்தாலும் நஞ்சு இருக்கும். சோற்றில் வாடையும் வராது, நூலும் விடாது. சாப்பிட்டுவிட்டு ஃபஜ்ருக்குப் போன இடத்தில் குமட்டலும் வாந்தியும் வரும். நோன்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொள்வோம். நோன்பின் மேல் பழியைப் போடாதீர்கள். அது சோற்றின் குற்றமும் இல்லை, வைத்த விதத்தின் குற்றம்.

ஆக்கிய உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது என்பதை ஒரு கணக்காக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். உணவு ஒன்று ஆவி பறக்கச் சூடாக இருக்கட்டும், அல்லது ஃப்ரிட்ஜில் குளிர்ச்சியாக இருக்கட்டும். நடுவே விடாதீர்கள். பெரிய சட்டியோடு அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரமாகும். அகலமான, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வையுங்கள். ஸஹருக்கு எழுந்ததும் தேவையான அளவை மட்டும் எடுத்து, ஆவி பறக்கும்வரை நன்றாகச் சூடாக்குங்கள். முடிந்தால் சோற்றை மட்டுமாவது ஸஹர் நேரத்தில் ஆக்கிக்கொள்ளுங்கள். தேங்காய்ப் பால் ஊற்றிய ஆணம் சோற்றைவிட வேகமாகக் கெடும் என்பது நம் உம்மாமார்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழைய சோறு தின்றுதானே நம் முன்னோர்கள் வாழ்ந்தார்கள் என்று யாராவது பயான் முடிந்ததும் என்னிடம் கேட்பீர்கள். தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைத்த சோற்றின் கணக்கு வேறு. அந்தப் புளிப்பு கிருமிகளைப் பெருக விடாமல் தடுக்கிறது. அதே கணக்கை வலீமாவில் மிஞ்சிய பிரியாணிக்குப் போடாதீர்கள்.

நோன்புக் கஞ்சிக்கும் இதே சட்டம்தான். அஸருக்குப் பிறகு தூக்குவாளியில் வாங்கிப்போகும் கஞ்சியை மஃக்ரிபுக்குக் குடித்துவிடுங்கள். மிஞ்சினால் உடனே குளிர்பதனத்தில் வையுங்கள். அந்தத் தூக்குவாளியை வாரத்துக்கு ஒரு முறையல்ல, ஒவ்வொரு நாளும் சோப்புப் போட்டுக் கழுவி, மூடியின் விளிம்பு உட்படக் காய வைத்துக் கொண்டுவாருங்கள். கஞ்சி ஊற்றும் நம் பணியாளர்கள் பிள்ளைகளை இது விஷயமாகத் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சகோதரர்களே! இனி நபி (ஸல்) அவர்களின் வழிமுறையிலிருந்து சிலவற்றைப் பார்ப்போம்.

ஸஹீஹ் முஸ்லிமில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ். பாத்திரங்களை மூடி வைக்கும்படியும், தண்ணீர்த் தோல்பைகளின் வாயைக் கட்டும்படியும் நபியவர்கள் ஏவினார்கள். காரணத்தையும் சொன்னார்கள்: ஆண்டில் ஓர் இரவு உண்டு, அதில் கொள்ளைநோய் இறங்குகிறது, மூடாத பாத்திரத்தையோ கட்டாத தோல்பையையோ அது கடந்து சென்றால் அதற்குள் இறங்காமல் போவதில்லை. இன்னோர் அறிவிப்பில், மூட ஒன்றும் கிடைக்காவிட்டால் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு குச்சியையாவது குறுக்கே வைக்கச் சொன்னார்கள். அபூ ஹுமைத் (ரலி) அவர்கள் மூடாத பாத்திரத்தில் பால் கொண்டுவந்தபோது, ஒரு குச்சியையாவது வைத்து மூடியிருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டதும் புகாரீயில் இருக்கிறது.

கவனியுங்கள். பாலைக் கொண்டுவந்தவர் அன்போடு கொண்டுவந்தார். நபியவர்கள் அதைத் திருப்பி அனுப்பவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள்.

அது எந்த இரவு என்று நமக்குச் சொல்லப்படவில்லை. ஆகவே எல்லா இரவும் மூட வேண்டும். படுக்கப்போகும் முன் அடுப்படியை ஒரு முறை சுற்றி வாருங்கள். சட்டி, பால் பாத்திரம், தண்ணீர்க் குடம், உப்பு ஜாடி, பிள்ளைக்குக் கலக்கி வைத்த பால் புட்டி என்று ஒவ்வொன்றாகப் பிஸ்மில்லாஹ் சொல்லி மூடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. இரவில் நம் அடுப்படி யாருடைய ஆட்சியில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். விளக்கைப் போட்டதும் சிங்க்குக்கு அடியில் ஓடுகிறதே கரப்பான், அது சாக்கடைக்கும் நம் தட்டுக்கும் இடையில் இரவெல்லாம் போய்வருகிறது. குப்பைக் கூடையும் மூடியுள்ளதாக இருக்கட்டும். எச்சில் பாத்திரங்களை விடியும்வரை சிங்க்கில் ஊறப் போடுவதை விட்டுவிட்டால் கரப்பானும் எலியும் பாதி குறைந்துவிடும்.

அடுத்தது கை. தூக்கத்திலிருந்து எழுந்தவர் கையை மூன்று முறை கழுவும்வரை பாத்திரத்துக்குள் விட வேண்டாம், இரவில் அந்தக் கை எங்கெங்கே இருந்தது என்பது அவருக்குத் தெரியாது என்று நபியவர்கள் சொன்னதை அபூ ஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள். உண்ட கையில் கொழுப்போடும் வாடையோடும் கழுவாமல் தூங்கி, அதனால் ஏதேனும் தீங்கு வந்தால் தன்னையே நொந்துகொள்ளட்டும் என்றும் சொன்னார்கள். கிருமியைக் கண்ணால் பார்க்கும் கருவி உலகில் உருவாவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் சொன்ன வார்த்தை இது.

முதல் ஹதீஸை நம் வீட்டுத் தண்ணீர்க் குடத்தோடு பொருத்திப் பாருங்கள். குடிதண்ணீர்க் குடத்தில் டம்ளரை முக்கும்போது நான்கு விரலும் சேர்ந்து முங்குகிறது. வெளியிலிருந்து ஓடிவரும் பிள்ளை முக்குகிறது. கழிப்பறைக்குப் போய் வந்தவர் முக்குகிறார். நீண்ட காம்புள்ள கரண்டி ஒன்றைக் குடத்துக்கென்று வையுங்கள், அல்லது குழாய் வைத்த பாத்திரத்துக்கு மாறுங்கள். கையை வெறும் தண்ணீரில் நனைத்துத் துண்டில் துடைப்பது கழுவுவதாகாது. சோப்புப் போட்டு, நகக்கண், விரல் இடுக்கு எல்லாம் தேய்த்து, இருபது விநாடியாவது ஆக வேண்டும். ஒளூவில் விரல்களைக் கோத்துத் தேய்க்கப் பழகிய சமுதாயத்துக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சஹனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து உண்கிறோம். அது பரக்கத்தான பழக்கம், அதை விடக்கூடாது. ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர் கை கழுவாவிட்டால் மற்ற மூவரும் அவர் கையைச் சேர்த்து உண்கிறார்கள்.

இப்போது கறியைப் பற்றி. இதில் மார்க்கச் சட்டமும் சுகாதாரமும் இணைந்து வருகின்றன, கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். அறுக்கும்போது பீறிட்டு ஓடும் இரத்தம் நஜீஸ். 6:145-வது வசனம் அதைத் தெளிவாக்குகிறது. கறியின் நாளங்களில் தங்கி, சமைக்கும்போது நீரில் தெரியும் சிவப்பு மன்னிக்கப்பட்டது. அதற்காகக் கறியைப் பத்துத் தண்ணீரில் அலசி வெளுக்க வைக்க வேண்டியதில்லை. ஆனால் அறுத்த இடமாகிய கழுத்துப் பகுதியைக் கழுவியே ஆக வேண்டும்.

எப்படிக் கழுவுவது? சட்டியில் தண்ணீரை வைத்துக் கறியை அதில் முக்கினால், ஷாஃபிஈ மத்ஹபின்படி அந்தக் குறைந்த நீரே நஜீஸாகிவிடும். இரண்டு குல்லத்துக்குக் குறைவான நீர், அதாவது சுமார் இருநூறு லிட்டருக்குக் குறைவான நீர், அசுத்தம் விழுந்தாலே அசுத்தமாகும் என்பது அவர்களின் சட்டம். ஆகவே நீரை மேலிருந்து ஊற்றிக் கழுவுவதே எந்த மத்ஹபிலும் சிக்கல் இல்லாத வழி. குழாயை முழுவதும் திறந்து, தண்ணீர் தெறிக்கத் தெறிக்கக் கழுவாதீர்கள். பச்சைக் கோழியில் இருக்கும் கிருமிகள் அந்தத் தெறிப்போடு பக்கத்தில் கவிழ்த்து வைத்த டம்ளர், நறுக்கி வைத்த வெங்காயம், மல்லித்தழை எல்லாவற்றின் மீதும் படியும். கறி வேகும்போது அதிலுள்ள கிருமி சாகும். மல்லித்தழை வேகப்போவதில்லையே! பக்கத்தில் உள்ளவற்றை நகர்த்திவிட்டு, குழாயை மெல்லத் திறந்து கழுவுங்கள். முடிந்ததும் சிங்க்கையும் குழாயின் திருகையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கறிக் கையோடு திறந்தது அந்தத் திருகைத்தான், நினைவிருக்கட்டும்.

கறிக்கென்று ஒரு கத்தியும் பலகையும் தனியாக இருக்கட்டும். ஃப்ரிட்ஜில் பச்சைக் கறியை மூடிய பாத்திரத்தில் கீழ்த்தட்டில் வையுங்கள். மேலே வைத்தால் அதன் நீர் கீழே இருக்கும் தயிரிலும் வட்டலப்பத்திலும் சொட்டும். குர்பானி நாட்களில் நம் ஃப்ரிட்ஜுகளின் நிலையை நான் விவரிக்கப்போவதில்லை.

பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்ச், அடுப்படித் துணி இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை. சட்டி இறக்க, மேடை துடைக்க, கை துடைக்க, தட்டு துடைக்க என்று ஒரே துணி. ஈரத்தோடு கிடக்கும் அந்தத் துணிதான் வீட்டிலேயே அதிக அசுத்தமான பொருட்களில் ஒன்று. தட்டுக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று எனப் பிரியுங்கள். நாள்தோறும் துவைத்து வெயிலில் போடுங்கள். மிக்ஸி ஜாடியின் அடியில் பிளேடுக்குக் கீழே ஒரு முறை விளக்கடித்துப் பாருங்கள். குக்கர் மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றிப் பாருங்கள். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

மதிப்பிற்குரியவர்களே! இதுவரை நான் சொன்னதைக் கேட்டு, சிலர் மனதுக்குள் ஒரு பட்டியல் தயாரித்துவிட்டீர்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போய், பாரு, அஜரத்தே சொல்லிவிட்டார், நீ அடுப்படியை எப்படி வைத்திருக்கிறாய் என்று தொடங்கலாம் என்ற எண்ணம். அல்லாஹ்வுக்காக அதைச் செய்யாதீர்கள். இந்த உரை ஆண்களின் ஸஃப்பில்தான் சொல்லப்படுகிறது. உங்களுக்காகச் சொல்லப்படுகிறது.

நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை சொன்னதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். வீட்டில் நபியவர்கள் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, வீட்டாரின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்றுதான் பதில் வந்தது. நம் வீட்டில் அடுப்படி அசுத்தமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் அது ஒருத்தியின் இரண்டு கைகளால் ஆறு பேரின் வேலை நடப்பதால். ஸஹருக்கு ஆக்கி, நோன்போடு நின்று கஞ்சி, வடை, சமோசா எல்லாம் செய்து, எல்லோரும் தராவீஹுக்குப் போன பிறகு அத்தனை பாத்திரத்தையும் துலக்குகிறாள். தன் தட்டைத் தானே கழுவாத ஆண் பிள்ளைகளை நாம் வளர்த்துவிட்டு, சிங்க் நிறைந்து கிடக்கிறது என்று அவளிடம் கேட்கிறோம். இந்த ரமலானில் நோன்பு திறந்ததும் தட்டுகளை எடுப்பது, சஹனைக் கழுவுவது, குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவது, மூன்றையும் ஆண்கள் செய்யுங்கள். இது சுன்னத்தான காரியம். சமையல்கட்டின் சாக்கடை அடைத்துக்கொண்டு ஆறு மாதமாகிறதே, பிளம்பரை அழைத்துவர வேண்டியது யார் பொறுப்பு?

தூய்மை என்ற பெயரில் மார்க்கம் சொல்லாத சிலவும் நம் வீடுகளுக்குள் நுழைந்திருக்கின்றன. மாதவிடாய்க் காலத்தில் பெண் அடுப்படிக்குள் வரக் கூடாது, ஊறுகாயைத் தொடக் கூடாது என்பது எந்த ஹதீஸிலும் இல்லை. ஆயிஷா (ரலி) அவர்கள் மாதவிடாய்க் காலத்தில் பாத்திரத்தில் குடித்துவிட்டுக் கொடுப்பார்கள். அவர்கள் வாய் வைத்த அதே இடத்தில் நபியவர்கள் தம் வாயை வைத்துக் குடிப்பார்கள். முஸ்லிமில் பதிவான ஹதீஸ் இது. இதற்கு மேல் விளக்கம் தேவையா?

வேலைக்கு வரும் அம்மாவுக்கு என்று ஜன்னல் ஓரத்தில் ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிறோமே, அது சுத்தம் இல்லை. அது வேறு ஒன்று. அதற்கு இஸ்லாத்தில் இடமில்லை. பணியாள் உணவைக் கொண்டுவந்தால் உங்களோடு உட்கார வையுங்கள், முடியாவிட்டால் ஒன்றிரண்டு கவளமாவது அவருக்குக் கொடுங்கள், அதன் சூட்டையும் சிரமத்தையும் தாங்கியவர் அவர்தான் என்பது நபிமொழி. நம் பாத்திரங்களையெல்லாம் அந்தக் கையால் துலக்க வைத்துவிட்டு, அந்தக் கைக்கு மட்டும் தனி டம்ளரா?

பூனை விஷயத்திலும் பலருக்கு சந்தேகம். அபூ கதாதா (ரலி) அவர்களுக்கு மருமகள் கப்ஷா ஒளூவுக்குத் தண்ணீர் வைத்தபோது ஒரு பூனை வந்தது. அது குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்போடு பார்க்க, பூனை நஜீஸ் அல்ல, உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என நபியவர்கள் சொன்னதை எடுத்துச் சொன்னார்கள். எனவே பூனை வாய் வைத்த தண்ணீர் நஜீஸாகாது. ஆனால் நஜீஸ் இல்லை என்பதும் உடம்புக்கு நல்லது என்பதும் ஒன்றல்ல. பிள்ளைக்கு வைத்த பாலில் பூனை வாய் வைத்தால் அதைப் பூனைக்கே கொடுத்துவிடுங்கள். நெய்யில் எலி விழுந்தால் எலியையும் அதைச் சுற்றியுள்ள நெய்யையும் எடுத்து எறிந்துவிட்டு மீதியை உண்ணலாம் என்று மைமூனா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் உண்டு. உறைந்த நெய்யைப் பற்றியது அது என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். அந்த நெய்க்கு நபியவர்கள் கொடுத்த மதிப்பைப் பாருங்கள். அதே நேரத்தில் எலிக்கு வழி வைக்காமல் மூடுங்கள் என்ற ஏவலும் இருக்கிறது.

எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயத்துக்கு வருகிறேன். மிஞ்சிய உணவை என்ன செய்கிறோம்? காலையில் வடித்த சோறு, நேற்று வலீமாவில் வந்த பிரியாணி, ஃப்ரிட்ஜில் நாலு நாள் கிடந்த ஆணம். மோந்து பார்க்கிறோம். கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. நம் பிள்ளைக்குக் கொடுக்க மனம் வரவில்லை. எறியவும் மனம் வரவில்லை, இஸ்ராஃப் ஆகிவிடுமே என்று பயம். உடனே ஒரு பையில் கட்டி, பள்ளிவாசல் வாசலில் நிற்கும் ஏழைக்கோ, வேலைக்கு வரும் அம்மாவுக்கோ கொடுத்துவிட்டு ஸதகா செய்துவிட்டோம் என்று நிம்மதி அடைகிறோம்.

2:267-வது வசனத்தைப் போய் எடுத்துப் படியுங்கள். உங்களுக்குக் கொடுக்கப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டே தவிர நீங்கள் வாங்க மாட்டீர்களே, அப்படிப்பட்ட மட்டமானதைத் தேடி எடுத்து தர்மம் செய்யாதீர்கள் என்ற கருத்தை அல்லாஹ் அங்கே சொல்கிறான். நம் பிள்ளைக்கு ஆகாதது அவர்கள் பிள்ளைக்கு எப்படி ஆகும்? நமக்கு வயிறு கெட்டால் டாக்டரிடம் போவோம். அவர்களுக்கு வயிறு கெட்டால் மருந்துச் செலவோடு அன்றைய கூலியும் போகிறது. கொடுப்பதாக இருந்தால் ஆக்கிய அன்றே, சூட்டோடு, நாம் உண்பதற்கு முன்னால் எடுத்துக் கொடுங்கள். ஆணம் காய்ச்சினால் அதில் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூ தர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். அடுப்பில் இருக்கும்போதே பங்கு வைக்கச் சொன்னார்கள். மிஞ்சிய பிறகு அல்ல. சந்தேகம் வந்துவிட்ட உணவை மண்ணில் புதைத்துவிடுங்கள். இஸ்ராஃப் நடந்தது எறிந்தபோது அல்ல, தேவைக்கு மேல் ஆக்கியபோது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சிலருக்கு இது வஸ்வாஸாக ஆகிவிடும். கழுவிய தட்டையே மறுபடி மறுபடி கழுவுவார்கள், குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். நபியவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளூச் செய்தார்கள். நம் கணக்கில் ஒரு லிட்டர்கூட வராது. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டோமா? முதலில் எச்சிலை வழித்து எடுத்துவிட்டு, குழாயை மூடி வைத்துச் சோப்புத் தேய்த்து, கடைசியில் மட்டும் தண்ணீரைத் திறந்தால் பாதித் தண்ணீரில் வேலை முடியும். தட்டில் ஒட்டியிருப்பதை விரலால் வழித்து உண்ணும் சுன்னத்தைப் பின்பற்றினால் துலக்குவதற்கே பாதி வேலைதான்.

இரவில் பாத்திரங்களை மூடச் சொன்ன ஹதீஸ்களிலேயே, தூங்கும் முன் விளக்குகளை அணைக்கும்படியும் நபியவர்கள் சொன்னார்கள். எலி திரியை இழுத்து வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக்கூடும் என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். இன்று நம் வீடுகளில் அந்தத் திரியின் இடத்தில் கேஸ் ரப்பர் குழாய் இருக்கிறது. எலி அதையும் கடிக்கும். இரவில் அடுப்பை மட்டும் அணைக்காமல் சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடுங்கள். ஐந்து ஆண்டு ஆன குழாயை மாற்றிவிடுங்கள். ஸஹருக்குத் தூக்கக் கலக்கத்தோடு அடுப்படிக்குள் நுழைபவர்கள், கேஸ் வாடை அடித்தால் விளக்கு சுவிட்சைத் தொடாமல் முதலில் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அல்லாஹ் நம் உணவிலும் வீடுகளிலும் பரக்கத் செய்து, இந்த ரமலானை ஆஃபியத்தோடு அடையச் செய்வானாக. ஆமீன். சுன்னத்துக்கு நேரமாகிவிட்டது. ஒளூவோடு இருப்பவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள். ஒளூச் செய்யப் போகிறவர்கள் குழாயைச் சிறிதாகத் திறந்துகொள்ளுங்கள்.